நெடும்பயணமும் மழலைப் பழக்கமும்

ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கலாகாது என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. சித்த வைத்தியமும் உடலில் இயல்பாக எழும் வேகங்கள் பதினான்கு என வகுத்து, மலத்தையும் சலத்தையும் அவற்றுள் சேர்த்து, வலிந்து அடக்குதல் நோய்க்கு இடமாகும் என எச்சரிக்கின்றது. வளர்ந்தோருக்குச் சொல்லப்பட்ட இவ்வறிவுரை இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்குப் பன்மடங்கு பொருந்தும். வளர்ந்தவர் அடக்க வல்லவர்; அடக்குவதன் தீமையையும் அறிந்தவர். பிள்ளையோ அவ்வல்லமையை இப்பொழுதுதான் பெற்று வருகின்றது. எங்கே அடக்குவது, எங்கே விடுவது என்பதை இன்னும் செவ்வனே கற்கவில்லை. அத்தகைய பிள்ளையை மோட்டார் வண்டியில் இருத்தி, பட்டியால் பிணைத்து, மணிக்கணக்காகக் கொண்டு செல்லும்பொழுது எழும் இடர்ப்பாடுகள் எவை, அவற்றைப் பெற்றோர் எவ்வாறு கையாளலாம் என்பதே இங்கு ஆராயப்படும் பொருளாகும்.

கொழும்பு, வெள்ளவத்தையில் வாழும் ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கொள்ளலாம். மகளுக்கு வயது இரண்டரை. வீட்டில் ஒரு மாத காலமாக அணையாடை இன்றி இருக்கின்றாள். வேண்டியபொழுது தானே தன் சிறு பிளாஸ்டிக் சட்டியை நாடிச் சென்று அமர்கின்றாள். நல்லூர்த் திருவிழாவுக்காக யாழ்ப்பாணத்து அம்மம்மா வீட்டுக்குப் பயணம் புறப்படுகின்றனர். தூரம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். வழியில் தங்கிச் செல்வோருக்கு ஏழெட்டு மணித்தியாலம் பிடிக்கும். வெயில் ஏறுமுன் பெரும்பகுதியைக் கடந்துவிட வேண்டும் என்பது தகப்பனின் எண்ணம். புத்தளத்தைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றதும், “அம்மா, ஒண்டுக்கு வருது” என்கின்றாள் பிள்ளை. “கொஞ்சம் பொறு, ராசாத்தி, அநுராதபுரத்தில நிப்பாட்டலாம்” என்கின்றாள் தாய். அநுராதபுரமோ இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு அப்பால். பத்து நிமிடம் செல்லுமுன் ஆசனம் நனைந்துவிடுகின்றது. “இவ்வளவு பெரிய பிள்ளைக்கு வெட்கமில்லையா?” என்று முன்னாசனத்திலிருந்து ஒரு குரல் எழுகின்றது.

அன்று மாலை அம்மம்மா வீட்டில் அச்சிறுமி சட்டியில் அமர மறுக்கின்றாள். மறுநாளும் அவ்வாறே. மூன்று நாளாக மலம் கழியவில்லை. நான்காம் நாள் வயிறு நொந்து அழுகின்றாள். ஒரு மாதம் பொறுமையோடு ஊட்டிய பழக்கம் ஒரு காலைப் பொழுதில் கலைந்துவிட்டது. இதில் பிள்ளை செய்த குற்றம் யாது? ஒன்றுமில்லை. அவள் தன் உடலின் அறிவித்தலைச் சரியாக உணர்ந்தாள். உரிய நேரத்தில் வாய்விட்டுச் சொன்னாள். கற்றுக்கொடுத்த பாடத்தை அவள் முழுமையாக ஒப்புவித்தாள். கேட்க வேண்டியவர்களே கேட்டிலர்.

இது ஏன் இவ்வாறு நிகழ்கின்றது என்பதை அறிய, பிள்ளையின் உடலமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். சிறுநீர்ப்பை நிறையும்பொழுது அதன் சுவர் விரிகின்றது. அவ்விரிவை நரம்புகள் முள்ளந்தண்டின் வழியே மூளைக்கு அறிவிக்கின்றன. கைக்குழந்தையிடத்தில் இது தன்னியக்கமாகவே முடிந்துவிடும். பை நிறைந்ததும் தானே சுருங்கி வெறுமையாகும். பதினெட்டு மாதம் அளவிலிருந்து பிள்ளை இவ்வுணர்வைச் சிறிது சிறிதாக அடையாளம் காணத் தொடங்குகின்றது. பின்னர், வாயிலைக் காக்கும் தசையைத் தன் விருப்பப்படி இறுக்கவும் தளர்த்தவும் கற்கின்றது. இக்கல்வி பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டாம் மூன்றாம் வயதுகளில் நிறைவெய்தும். சிலருக்கு அதற்கு மேலும் செல்லும்.

சிறுநீர்ப்பையின் கொள்ளளவை மதிப்பிடுவதற்கு வைத்தியர்கள் கையாளும் எளிய கணக்கு ஒன்று உண்டு. பிள்ளையின் வயதோடு ஒன்றைக் கூட்டி, வந்த தொகையை முப்பதால் பெருக்கினால் கிடைப்பது மில்லிலீற்றர் அளவு ஆகும். நான்கு வயதுப் பிள்ளைக்கு இது 150 மில்லிலீற்றர். இரண்டரை வயதுப் பிள்ளைக்கு நூறு மில்லிலீற்றரை ஒட்டியே இருக்கும். வளர்ந்தவரின் பையோ 400 அல்லது 500 மில்லிலீற்றர் கொள்ள வல்லது. ஆகவே, வண்டியோட்டும் தகப்பன் நான்கு மணித்தியாலம் தாங்குகின்றார் என்பதனால் பிள்ளையும் தாங்கும் என எண்ணுதல் பெருந்தவறு. அன்றியும், வளர்ந்தவருக்கு முதல் அறிவித்தலுக்கும் பொறுக்க இயலாத நிலைக்கும் இடையே நீண்ட நேரம் உண்டு. இளம்பிள்ளைக்கு அவ்விடைவெளி சில நிமிடங்களே. பிள்ளை “வருது” என்று சொன்னால் அது உண்மையில் வந்தேவிட்டது என்றே கொள்ளல் வேண்டும்.

வண்டியிற் செல்லும்பொழுது வேறு சில தடைகளும் சேர்கின்றன. யன்னலுக்கு வெளியே ஓடும் காட்சியிலோ, கையிற் கொடுத்த தொலைபேசியிற் காணும் படத்திலோ மனம் ஈடுபட்ட பிள்ளை, உடலின் மெல்லிய முதல் அறிவித்தலைக் கவனியாது விட்டுவிடும். ஓட்டத்தின் தாலாட்டில் உறங்கிவிட்டால், உறக்கத்தில் அடக்கும் திறமை இவ்வயதில் பெரும்பாலும் வந்திராது. வீட்டில் பழகிய சட்டியும் பழகிய மூலையும் வழியில் இல்லை. புதிய இடத்தில், அன்னியர் நடமாட்டத்தில், இரைச்சலுக்கு நடுவே, பிள்ளையின் தசைகள் தளர மறுக்கின்றன. வண்டியை நிறுத்தி இறக்கிவிட்டபொழுது “வரவில்லை” என்று சொல்லும் பிள்ளை, மீண்டும் ஏறி அமர்ந்ததும் நனைத்துவிடுவது இதனாலேயே ஆகும். அது பிடிவாதமும் அன்று, பெற்றோரை அலைக்கழிக்கும் குறும்பும் அன்று.

மலம் பற்றிய விடயத்தில் தீங்கு இன்னும் ஆழமானது. ஏசப்பட்ட பிள்ளை அஞ்சி மலத்தை அடக்குகின்றது. அடக்கிய மலத்திலிருந்து பெருங்குடல் மேலும் மேலும் நீரை உறிஞ்சுகின்றது, மலம் இறுகுகின்றது. இறுகிய மலம் வெளியேறும்பொழுது வலிக்கின்றது. வலித்ததனால் பிள்ளை அடுத்த முறையும் அடக்குகின்றது. இச்சுழல் சில வாரங்கள் நீடித்தால் மலக்குடல் விரிந்து, நிறைந்திருக்கும் உணர்வே மழுங்கிவிடும். இறுகிய மலத்தைச் சுற்றி நீர்த்த மலம் கசிந்து உடையிற் படும். இதனை வயிற்றோட்டம் என்றோ அசட்டை என்றோ பெற்றோர் தவறாகக் கருதுவதுண்டு. நிறைந்த மலக்குடல் முன்னேயுள்ள சிறுநீர்ப்பையையும் நெருக்குவதால், பிள்ளை அடிக்கடி நனைப்பதும் சிறுநீர்த்தொற்று உண்டாவதும் நிகழலாம். ஒரு பயணத்தில் எழுந்த ஒரு சுடுசொல், மாதக்கணக்கான மலச்சிக்கலுக்கு வித்தாகக்கூடும் என்பதை உணர்ந்தால், நனைந்த ஆசனம் எத்துணை அற்பமானது என்பது விளங்கும்.

பிள்ளையை வற்புறுத்தாது, அதன் ஆயத்த நிலையை அறிந்து பழக்குதல் வேண்டும் என்னும் கொள்கைக்கு வைத்திய உலகில் வலுவூட்டியவர் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் பெரி பிரேசல்டன் ஆவர். 1962 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை 1,170 பிள்ளைகளின் விபரங்களை ஆதாரமாகக் கொண்டது. பிள்ளை நடக்கவும் அமரவும் வல்லதாதல், இரண்டு மணித்தியாலமேனும் நனையாதிருத்தல், எளிய சொற்களை விளங்கிக்கொள்ளல், தன் தேவையைச் சொல்லாலோ சைகையாலோ தெரிவித்தல், உடையைத் தாழ்த்தவும் உயர்த்தவும் முயலுதல் ஆகியவை இன்று ஆயத்தத்தின் அறிகுறிகளாகக் கொள்ளப்படுகின்றன. இவை தோன்றாத பிள்ளைக்குப் பயணத்தை முன்னிட்டு அவசரமாகப் பழக்கம் ஊட்ட முயல்வது விதைத்த மறுநாளே அறுவடைக்குச் செல்வதை ஒக்கும். இரண்டொரு வாரத்தில் நெடும்பயணம் ஒன்று இருக்குமாயின், பழக்குதலைத் திரும்பி வந்தபின் தொடங்குவதே அறிவுடைமை.

பழக்கம் தொடங்கிவிட்ட பிள்ளைக்குப் பயணத்தில் அணையாடை அணிவிக்கலாமா என்பது தாய்மார் பலரின் ஐயம். பம்பேர்ஸ் என்று பொதுவாக வழங்கும் அணையாடையை அணிவிப்பதில் குற்றமில்லை. ஆயினும், அது தண்டனையாகவோ தோல்வியின் அடையாளமாகவோ பிள்ளைக்குத் தோன்றலாகாது. “இது நெடுந்தூரப் பயணத்துக்கு உரிய உடுப்பு, உனக்கு வரும்பொழுது சொல், நாங்கள் நிறுத்துவோம்” என்று முன்கூட்டியே கூறுதல் வேண்டும். சொன்னபடி நிறுத்தவும் வேண்டும். “அதிலேயே விடு” என்று சொல்லிவிட்டு வண்டியை ஓட்டுவது, ஒரு மாதமாகச் சொல்லிக்கொடுத்ததற்கு நேர்மாறான பாடத்தைப் புகட்டுவதாகும். நன்கு பழகிய பிள்ளைக்கு வழக்கமான உள்ளுடையும், ஆசனத்தின்மேல் நீர் ஊறாத மெல்லிய விரிப்பும் போதுமானவை. பாதுகாப்பு ஆசனத்தில் இருத்தப்படும் பிள்ளையின் கீழே தடித்த துவாயையோ தலையணையையோ அடுக்குதல் கூடாது. பட்டி உடலோடு பொருந்தாது தளர்ந்து, விபத்தின்போது காக்கும் பயனை இழந்துவிடும்.

பயணத்துக்கு முதல் வாரமே சில ஆயத்தங்களைச் செய்தல் நன்று. வண்டியிற் கொண்டு செல்லப்போகும் சட்டியை வீட்டிலேயே பிள்ளைக்குப் பழக்க வேண்டும். முற்றத்தில் நிற்கும் வண்டியின் அருகே அச்சட்டியை வைத்து ஓரிருமுறை அமர்த்தினால், வழியில் அது புதுமையாகத் தோன்றாது. கடை, கோயில், உறவினர் வீடு எனக் குறுகிய பயணங்களில் வெளியிடத்து மலசலகூடங்களைப் பழக்குவதும் பயன் தரும். நிலத்தோடு பதித்த குந்தும் கழிகலத்தின் துவாரம் சிறு பிள்ளைக்குப் பெரும் பள்ளமாகவே தோன்றும். நீர் பாயும் ஓசையும் அச்சமூட்டும். தாய் பின்னின்று இரு தொடைகளையும் தாங்கிப் பிடித்தால் அச்சம் நீங்கும். பிள்ளை வெளியே வந்தபின் நீரைத் திறந்துவிடலாம். நம் பாட்டிமார் காலை நீட்டி அமர்ந்து, தம் பாதங்களின்மேல் குழந்தையை இருத்தி மலசலம் கழிப்பித்த முறையும் மறக்கத்தக்கதன்று. சட்டி இல்லாத இடத்தில் அதனினும் சிறந்த ஆசனம் வேறில்லை. தாயின் உடலோடு ஒட்டியிருப்பதால் பிள்ளையின் தசைகள் எளிதில் தளரும்.

வண்டியில் எடுத்துச் செல்ல வேண்டியவை அதிகமில்லை. மூடியுள்ள ஒரு சட்டி, கழுவுதற்கு ஒரு பெரிய போத்தல் நீர், சவர்க்காரம், இரண்டு துவாய், மூன்று மாற்றுடுப்பு, அழுக்கு உடைகளுக்கும் அணையாடைகளுக்கும் இறுகக் கட்டக்கூடிய சில பைகள், மறைப்புக்கு ஒரு சேலைத்துண்டு அல்லது குடை. இவை பயணப்பொதிகளின் அடியிற் கிடத்தல் ஆகாது. கதவைத் திறந்ததும் கைக்கு எட்டும் இடத்தில் ஒரே பையில் இருத்தல் வேண்டும். பிள்ளைக்கு இடுப்பில் இலேசாக இறங்கும் காற்சட்டையே ஏற்றது. கொளுக்கியும் வாரும் பல பொத்தான்களும் உள்ள அழகிய உடை அம்மம்மாவின் வாசலை அடையும் வரை பெட்டியிற் காத்திருக்கலாம்.

இனி, நிறுத்தும் முறை. பிள்ளை கேட்கும் வரை காத்திராது, ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை தாமே நிறுத்துதல் சிறந்தது. புத்தளம் வழியாகச் செல்வோர் சிலாபம், புத்தளம், அநுராதபுரம், வவுனியா, முறிகண்டி எனப் பயணத்தைப் பகுத்துக்கொள்ளலாம். உணவு உண்டபின் குடல் இயல்பாகவே அசையத் தொடங்குவதால், உண்டு பதினைந்து இருபது நிமிடம் கழித்துப் பிள்ளையைச் சட்டியில் அமர்த்திப் பார்த்துப் பின் புறப்படுவது நலம். ஐந்து நிமிடத்துக்கு மேல் அமர்த்தி வைத்தல் வேண்டா. இறங்கியவுடன் வராவிடில், சிறிது நடக்கவும் ஓடவும் விட்டு மீண்டும் ஒருமுறை முயலலாம். பெற்றோர் தாமும் அவ்விடத்து மலசலகூடத்துக்குச் சென்று வருவது பிள்ளைக்கு நல்ல வழிகாட்டலாகும். பிள்ளைகள் சொல்லைவிடச் செயலையே விரைந்து பின்பற்றுவர்.

இடையில் பிள்ளை கேட்டுவிட்டால், பாதுகாப்பான இடம் கண்டு தெருவை விட்டு நன்கு விலகி நிறுத்துதல் வேண்டும். இலங்கையில் வாகனங்கள் இடப்புறமாகச் செல்வதால், பிள்ளையை இடப்பக்கக் கதவால் இறக்கி, வண்டியின் மறைவில், தெருவுக்கு அப்பாற்பட்ட பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். கையைப் பிடித்த பிடி நழுவலாகாது. அடர்ந்த புல்லிலும் பற்றையிலும் விடுவது பாம்புக்கும் பூச்சிக்கும் இடங்கொடுப்பதாகும். திறந்த கதவுக்கருகில் வெறுந்தரையில் சட்டியை வைப்பதே தக்கது. அதிவேக நெடுஞ்சாலையில் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. தெருவோரத்தில் நிறுத்துவது உயிராபத்து. ஆதலால் அதில் ஏறுமுன் பிள்ளையை அமர்த்துவதும், தென்பகுதி அதிவேகப் பாதையில் வெலிப்பன்னையில் உள்ளது போன்ற தங்குமிடங்களைப் பயன்படுத்துவதும் அவசியம். எந்த நிலையிலும் ஓடும் வண்டியில் பட்டியை அவிழ்த்துப் பிள்ளையைச் சட்டியிலோ மடியிலோ இருத்துதல் கூடாது. நனைந்த ஆசனத்தை வெயிலில் உலர்த்தலாம். திடீரென நிறுத்திய வண்டியில் தூக்கி வீசப்பட்ட பிள்ளைக்குப் பரிகாரம் தேட முடியாது. பெற்றோர் இறங்கிச் செல்லும்பொழுது பிள்ளையைப் பூட்டிய வண்டியுள் தனியே விடுதலும் ஆகாது. வெயிலில் நிற்கும் வண்டியின் உட்புறம் பத்து நிமிடத்துக்குள் ஏறத்தாழ பத்துப் பாகை செல்சியசு வெப்பம் கூடக்கூடியது.

வழியில் நனைக்காதிருக்க வேண்டும் என்று நீரைக் குறைத்துக் கொடுக்கும் தாய்மாரும் உளர். இது நன்மை பயவாது. வரண்ட பிரதேசத்து வெயிலில் பிள்ளையின் உடல் விரைவில் நீரை இழக்கும். செறிந்த சிறுநீர் எரிச்சலை ஊட்டும், மலமும் இறுகும். அடிக்கடி சிறிது சிறிதாக நீர் கொடுப்பதே முறை. தேநீரும் கோலா வகைப் பானங்களும் இவ்வயதுக்கு உரியனவல்ல. அவற்றிலுள்ள கபேன் என்னும் பொருள் சிறுநீர்ப்பையைத் தூண்டக்கூடியது. பயணத்துக்கு முன் வயிற்றைச் சுத்தி செய்யவென்று ஆமணக்கெண்ணெய் கொடுப்பதையும் தவிர்த்தல் வேண்டும். பப்பாசிப்பழம், கீரை, பயறு போன்ற நார்ச்சத்துள்ள உணவுகளும் போதிய நீரும் அவ்வேலையைத் தீங்கின்றிச் செய்யும்.

தூய்மை பற்றியும் ஒரு சொல். இளம்பிள்ளையின் மலம் தீங்கற்றது என்ற எண்ணம் தவறானது. வளர்ந்தவருடையதைப் போலவே அதுவும் நோயைப் பரப்பும். கழுவியபின் தாயின் கையும் பிள்ளையின் கையும் சவர்க்காரம் இட்டுக் கழுவப்படல் வேண்டும். பெண்பிள்ளைகளை முன்னிருந்து பின்னாகக் கழுவுதல் சிறுநீர்த்தொற்றைத் தடுக்க உதவும். பயன்படுத்திய அணையாடையைக் காட்டோரத்தில் வீசுவோர், மக்காத பிளாஸ்டிக்கையும் நோய்க்கிருமியையும் பின்வருவோருக்கு விட்டுச் செல்கின்றனர். அதனை இறுகக் கட்டி, குப்பைத்தொட்டி உள்ள இடம் வரை கொண்டு செல்வதே கடமை. ஆணாயினும் பெண்ணாயினும், பிள்ளையைத் தெருவோரத்தில் மறைப்பின்றி இருத்தாமையும் வேண்டும். உடல் மறைத்துக் காக்கத் தக்கது என்னும் முதற்பாடத்தைப் பிள்ளை இங்கேதான் கற்கின்றது.

சிலபொழுது நனைத்தல் பழக்கக் குறைவினால் அன்றி நோயினாலும் நேரலாம். சிறுநீர் கழிக்கையில் எரிவு, காய்ச்சல், மலத்தில் இரத்தம், தொடர்ந்த வயிற்றுவலி ஆகியவை காணப்பட்டாலும், ஆறு மணித்தியாலத்துக்கு மேலாகச் சிறுநீர் கழியாவிடினும் வைத்தியரை நாடல் வேண்டும். நன்கு பழகிய பிள்ளை திடீரென மீண்டும் நனைக்கத் தொடங்கி, மிகுந்த தாகமும் மெலிவும் கொள்ளுமாயின், அது நீரிழிவின் அறிகுறியாகவும் இருக்கலாம். தாமதியாது காட்டுதல் அவசியம்.

இத்தனை ஏற்பாடுகளுக்குப் பின்னும் ஆசனம் நனையாது என்பதற்கு உறுதியில்லை. நனைந்தால் செய்யத்தக்கது ஒன்றே: நிறுத்தி, கழுவி, உலர்ந்த உடையை மாற்றி, “பரவாயில்லை, அடுத்தமுறை நாங்கள் முந்தி நிறுத்துவம்” என்று கூறிப் புறப்படுதல். உறவினர் முன்னிலையில் அதனைக் கதையாக்கிச் சிரித்தலும் கூடாது. பேசத் தெரியாத பருவத்திலும் பிள்ளைக்கு மானம் உண்டு.

வெள்ளவத்தைக் குடும்பம் திரும்பி வரும் நாளை எண்ணிப் பார்க்கலாம். அம்மம்மா மூன்று நாட்களாக ஒரு சொல்லும் கடிந்து கூறாது, பப்பாசிப்பழமும் கதையும் கொடுத்துப் பேத்தியின் அச்சத்தைத் தணித்திருக்கின்றார். வண்டி ஆனையிறவைக் கடந்து, கிளிநொச்சியைத் தாண்டுகின்றது. முறிகண்டியில் பிள்ளையாரை வணங்காது செல்லும் வாகனங்கள் அரிது. தேங்காய் உடைத்து, கடலை வாங்கும் அந்தச் சிறு இடைவேளையில், தகப்பனே பின்கதவைத் திறந்து சட்டியை எடுத்து வைக்கின்றார். சிறுமி தயங்குகின்றாள், தாயின் முகத்தைப் பார்க்கின்றாள், பின் அமர்கின்றாள். அதன்பின் வவுனியாவுக்கு அப்பால், நிறுத்த எண்ணாத ஓரிடத்தில், “அப்பா” என்று ஒரு மெல்லிய குரல் எழுகின்றது. இம்முறை வண்டி வேகம் தணிந்து ஓரமாக நிற்கின்றது.

கொழும்பை அடைய அரை மணித்தியாலம் பிந்தியிருக்கலாம். ஆனால் தன் குரலுக்கு வண்டி நிற்கும் என்பதை அப்பிள்ளை அறிந்துகொண்டது. பழமொழியின் பிற்பாதி பிள்ளைக்கு உரியது. முற்பாதியோ பெற்றோருக்கு உரியது. பிள்ளை மூத்திரத்தை அடக்காதிருக்க வேண்டுமாயின், பெற்றோர் ஆத்திரத்தை அடக்கியே ஆதல் வேண்டும்.